சுண்ணாம்புக் கோட்டில் ஒரு பட்டணம்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. திண்டிவனத்தில் காலை பாசஞ்சர் ஏறி விழுப்புரத்தில் இறங்க வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பட்டணம் என்பது எப்படி உண்டாகிறது, எப்படி நடக்கிறது என்று அரை மணி நேரம் சொல்ல வேண்டும். மச்சினன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலை வண்டியில் திரும்ப வேண்டும்.

அவ்வளவுதான்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது. நான் ரங்கூனை விட்டு வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. அங்கே என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், "முனிசிபாலிட்டி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தை அவர்களே பெரிதாக நினைத்துக்கொள்வார்கள். நிஜத்தில், துரைகள் போட்ட சாக்கடைப் படங்களை மெல்லிய காகிதத்தில் பிரதி எடுக்கிற வேலை. இருபது வருஷம். அத்தனை சாக்கடையில் ஒன்றையாவது நேரில் போய்ப் பார்த்தேனா என்றால், கிடையாது.

ஆனால் வெயிலுக்குத் துரைகள் வைத்துக்கொள்கிற சோலா தொப்பி ஒன்று வைத்திருந்தேன்!

கிளம்பும்போது அதை எடுத்து மாட்டிக்கொண்டதைப் பார்த்து என் மனைவி கேட்டாள். "பள்ளிக்கூடத்துக்குத்தானே போறீங்க? அது எதுக்கு?"

"வெயில்."

"தை மாசத்துலயா?"

ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மச்சினன் ரத்தினம், என் மனைவிக்குத் தம்பி. விழுப்புரத்துக்கு ஓரத்தில், ஊர் முடிந்து கம்பங்கொல்லை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியார். அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பதால் பத்து நாளாகத் தூக்கம் இல்லாமல் இருந்தான்.

"பட்டணத்தைப் பத்தி ஒரு பாடம் வெச்சிருக்காங்க மாமா. நான் பாத்த பெரிய ஊரே புதுச்சேரிதான். அதுவும் பல்லு புடுங்கப் போனது. வாயைப் பொத்திக்கினு போயி வாயைப் பொத்திக்கினு வந்தேன். நீங்கதான் ரங்கூனையே கட்டினவரு."

நான் மறுக்கவில்லை.

வகுப்பில் நுழைந்து தொண்டையைக் கனைத்தேன். "நகரம் என்பது யாதெனில், பல்வகைத் தொழில் புரியும் மாந்தர்..." என்று தொடங்கினேன். தமிழ் ஒன்றும் இங்கிலீஷ் ஒன்றுமாக இரண்டு பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். இரண்டிலும் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற விதம் ஒன்றுதான். மூன்றாவது வாக்கியத்தில் முன்வரிசை கொட்டாவி விட்டது. அதில் பெரிய கொட்டாவி, பவுனு என்கிற பெண்ணுடையது. இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை.

சரி, கேள்வி கேட்டுப் பார்ப்போம் என்று, "ஒரு ஊரு உண்டாகணும்னா மொதல்ல என்ன வேணும்?" என்றேன்.

"சண்டைங்க!" என்றாள் பவுனு.

"ஊரே இன்னும் வரலை. அதுக்குள்ள சண்டையா?"

"ரெண்டு பேரு இருந்தாத்தானுங்களே ஊரு? ரெண்டு பேரு இருந்தா சண்டைதானுங்களே?"

வகுப்பு முழுக்க ஆமோதித்தது. நான் சிரித்துவிட்டு மேலே போனேன். அங்கேயே நின்று, அதை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த வண்டியில் திண்டிவனம் திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது!

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிய புறம்போக்கு மைதானம். அதில் ஒரு பட்டணத்தையே கோடு போட்டுக் காட்டிவிட்டால் என்ன? கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தோம். பனை மட்டையைச் சீவி முளைக்குச்சி செய்தோம். பள்ளிக்கூட நாடகத்துக்கு வைத்திருந்த சிவப்புத் திரையைக் கிழித்துக் கொடி கட்டினோம். சுண்ணாம்புப் பொடி இரண்டு டின் கேட்டபோதுதான் ரத்தினம் முகம் வாடியது.

"மாமா, அது இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முந்தி சுவத்துக்கு அடிக்க வெச்சிருக்கிறது."

"ரத்தினம், சுவரு முக்கியமா, அறிவு முக்கியமா?"

"இன்ஸ்பெக்டருக்குச் சுவருங்க மாமா."

இருந்தாலும் கொடுத்தான். அக்காள் புருஷன் அல்லவா.

பாடம் நன்றாகவே நடந்தது, பொய் சொல்லக் கூடாது. முதலில் கிணறு. கிணற்றைத் தேடி இரண்டு பக்கமிருந்து இரண்டு ரோடு. ரோடு இரண்டும் கூடுகிற முனையில் கடைத்தெரு. அப்புறம் ரயில் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோயில். கோயிலுக்கு அடையாளமாக ஒரு கல்லை உருட்டிவந்து வைத்தார்கள்.

"ஜெயிலு வேணுங்க!" என்று ஒரு கூச்சல். அதற்கும் ஓர் ஓரத்தில் சதுரம் போட்டோம்.

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேப்பமரத்தடியில் நின்று, கைத்தடியால் திசை காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பவுனு கேட்டாள். "ஐயா, இத்தினி பேரு குளிச்ச தண்ணியெல்லாம் எங்க போவும்?"

இருபது வருஷமாக இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

"சாக்கடை!" என்றேன். "மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு, கயிறு புடிச்ச மாதிரி நேரா ஓடணும். அதுதான் பட்டணத்துக்கு உயிரு."

பள்ளம் தெற்குப் பக்கம், குட்டை இருக்கிற இடம். பிள்ளைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தூரத்திலிருந்து பவுனு கத்தினாள். "ஐயா, கோடு போயி அஞ்சலை அக்கா கொட்டாய்ல முட்டுதுங்க!"

அங்கே நாலு மூங்கில் நட்டு, பனையோலை போட்டு, ஒரு கூழுக்கடை இருந்தது. சந்தைக்கு வண்டி ஓட்டி வருகிறவர்கள் நின்று கேப்பைக் கூழ் குடித்துவிட்டு, அவித்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, ஒரு கை வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரி அஞ்சலை அகப்பையோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

நான் கைத்தடியை உயர்த்தி, ரங்கூனில் எங்கள் துரை பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னேன். "நேரா போவட்டும்! குறுக்க எது இருந்தாலும் எடுத்துடலாம்!"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

நான் அவளுக்குக் கையை வேறு ஆட்டினேன். இப்போது நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாலை வண்டியில் திரும்பி, "இன்னிக்கு ஒரு பட்டணமே கட்டிட்டு வந்தேன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அப்படியே நம்ம கொல்லைக் கதவுக்கும் ஒரு கீலு போட்டுட்டா தேவலை" என்றாள்.

இது வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை ரத்தினத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது.

"மாமா அவர்களுக்கு நமஸ்காரம். இங்கு யாவரும் க்ஷேமம். தாங்கள் கட்டிய பட்டணத்தில் ஜனங்கள் குடியேற ஆரம்பித்துவிட்டார்கள். உடனே புறப்பட்டு வரவும். தொப்பி வேண்டாம்."

மறுநாள் முதல் வண்டியைப் பிடித்தேன். தொப்பியைத் தலையில் வைக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டேன். வெயில்.

மைதானத்தைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

ரோடு இரண்டும் கூடும் முனையில் ஒரு வெற்றிலை பாக்குக் கடை! சாக்குப் பந்தல், அதன் கால் சரியாக என் சுண்ணாம்புக் கோட்டின் மேல். ஸ்டேஷன் சதுரத்தில் மூன்று மாட்டுவண்டி அவிழ்த்துவிட்டு நின்றது. "இப்பவே எடம் புடிச்சி வெச்சாத்தான் ரயிலு வர்றப்போ சவாரி கெடைக்கும்" என்று ஒரு வண்டிக்காரர் எனக்கே விளக்கினார். ஆஸ்பத்திரி சதுரத்தில் ஒரு பெரியவர் கால்கட்டோடு படுத்துக்கொண்டு, "டாக்டரு எப்ப வர்றாரு?" என்று கேட்டார். கோயில் கல்லுக்கு மஞ்சள், குங்குமம், பக்கத்தில் உடைத்த தேங்காய்.

"அடப்பாவி, பசங்க உருட்டிக்கினு வந்த கல்லுடா இது!" என்றேன்.

ரத்தினம் என் வாயைப் பொத்தினான். "இப்ப அது கல்லு இல்ல மாமா. மெதுவா பேசுங்க."

மாடு மிதித்து அழிந்த கோடுகளையெல்லாம் ஜனங்கள் தங்கள் சொந்தச் சுண்ணாம்பில் மறுபடி போட்டு வைத்திருந்தார்கள். போட்டதுதான் போட்டார்கள், அவரவர் பக்கம் கொஞ்சம் தள்ளியும் போட்டார்கள். மூன்று வண்டி போகிற அகலத்துக்கு நான் போட்ட ரோட்டில் இப்போது ஒரு வண்டி போவதே கஷ்டம். ஐந்து நாளில் ஒரு பட்டணம் எப்படி உண்டாகிறது என்று எனக்கே யாரோ பாடம் நடத்தியது போலிருந்தது.

ஜெயில் சதுரம் மட்டும் காலியாக இருந்தது.

அப்புறம் அஞ்சலை கொட்டாயைப் பார்த்தேன். கூரை பாதி பிரித்துக் கிடந்தது. ஓலை ஒரு பக்கம் அடுக்கியிருந்தது. சட்டிபானையெல்லாம் மூட்டை கட்டி, கவிழ்த்த உரலின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பூனை படுத்திருந்தது. வண்டிக்காரர்கள் வந்து, பார்த்து, வேறு இடம் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, யாரு கொட்டாயைப் பிரிக்கச் சொன்னது?"

"நீங்கதான் தொரை. குறுக்க எது இருந்தாலும் எடுத்துடலாம்னு கத்தலை? அவுங்க வந்து எடுத்தா ஓலையும் போவும், மூங்கிலும் போவும். நானே பிரிச்சா ஓலையாச்சும் மிஞ்சும்."

"அது சும்மாம்மா! பசங்களுக்குப் பாடம்!"

"அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க மாமனாரு பொறந்த குடிசையாண்ட ரயிலுக்கு அளக்க வந்தப்பவும் 'சும்மா அளந்து பாக்கிறோம்'னுதான் சொன்னாங்களாம். இப்ப அந்தச் சும்மா மேலதான் மெயிலு ஓடுது."

இருபது வருஷம் நான் பிரதி எடுத்த கோடெல்லாம் கயிறு பிடித்த மாதிரி நேராகத்தான் இருந்தது. அதன் அடியில் யார் உரலைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று படத்தில் போடுகிற வழக்கம் இல்லை.

அஞ்சலை ஒரு கூடை மல்லாட்டையை என் காலடியில் நகர்த்தினாள். "இத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க. அந்தக் கோட்டை மட்டும் ரெண்டு மொழம் அப்பால தள்ளிடுங்க. இந்தக் கொட்டாயை விட்டா எனக்கு வேற போக்கு இல்ல."

"வேண்டாம்மா, வேண்டாம்" என்று பின்வாங்கினேன்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். எழுந்துபோய், பஞ்சாரத்தைத் தூக்கி, ஒரு கோழியைப் பிடித்துவந்து கூடைமேல் வைத்தாள்.

"இப்பவாச்சும் போதுங்களா?"

இனிமேல் பேச்சு உதவாது! பள்ளிக்கூடத்துத் துடைப்பத்தை எடுத்துவந்து கோட்டை அழிக்க ஆரம்பித்தேன். நாலு வீச்சு வீசியிருப்பேன். வெற்றிலைக் கடைக்காரர் ஓடிவந்து துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ்! யாருய்யா நீ? கவர்மென்டு கோட்டை அழிக்கிறியே, புடிச்சி உள்ள போட்டுருவாங்க!"

"நான் போட்ட கோடுதான்யா இது!"

"போட்டது தொப்பி வெச்ச தொரை. நான் கண்ணால பாத்தேன். ஆளு ஆறடி. நல்ல செவப்பு."

நான் ஐந்தடி மூன்று அங்குலம். நிறத்தைப் பற்றி என் மனைவியே பேசுவதில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "பேஜாரு புடிச்ச ஆளா இருக்கானே", "முனைக் கடைக்குப் போட்டிக்கு வந்தவன்போல" என்று நாலு பக்கமும் பேச்சு. நான் ரத்தினத்தைப் பார்த்தேன். "சொல்லேன்டா!"

அவன் என் காதோடு சொன்னான். "அழிக்க வேணாம் மாமா. ஒரு வாரம் போவட்டுமே."

"ஏன்?"

அவன் கண் ஸ்டேஷன் சதுரத்தின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. நானும் பார்த்தேன். ஸ்டேஷனை ஒட்டி, தெற்கு முனையில், முள்வேலி கட்டி நாலு முளையடித்த மனை ஒன்று. ஊரிலேயே நல்ல மனை.

"அது யாருது?"

வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார். "எட்மாஸ்டரு ஐயாவுது. சனிக்கெழம விடியறதுக்குள்ள வந்து அடிச்சிட்டாரு. மொத ஆளே அவருதான். வாத்தியாரே எடம் புடிக்கிறாருன்னதும்தான் நாங்கள்லாம் ஜல்தியா கெளம்பனோம்."

"ரத்தினம்! சுண்ணாம்பு குடுத்ததே நீதானே! இது பொய்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா" என்றான் பாவமாக. "வேலிக்கு முள்ளு கெடக்குதேன்னு சும்மாதான் அடிச்சேன். அப்புறம் இத்தினி பேரு வந்து நம்புனதும் எனக்கே ஒரு சந்தேகம் வந்துடுச்சி."

அதற்குள் மணி அடித்து, நாலாம் வகுப்பு வெளியே வந்தது. பவுனு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அஞ்சலையைப் பார்த்தாள். பிரித்த கூரையைப் பார்த்தாள். என்னிடம் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, மொதல்ல இங்க யாரு இருந்தாங்க? அஞ்சலை அக்காதானுங்களே?"

"ஆமாம்."

"கூழு குடிக்க வண்டி நின்னதாலதானே இந்த எடத்துக்கே ஆளு வந்துச்சி? அப்ப ஊருதானுங்களே வளையணும்?"

எங்கள் துரைகளில் ஒருவராவது இதைச் சொன்னதில்லை.

"வளைக்கலாம்மா. நான் சொன்னா யாரு கேக்கிறாங்க?"

"தொப்பி எங்கீங்க?"

"பையில."

"போட்டுக்கினு சொல்லுங்க."

வேப்பமரத்துக்குப் பின்னால் போனேன். தொப்பியை மாட்டினேன். கைத்தடியைப் பிடித்தேன். வெளியே வந்தேன்.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது! வெற்றிலைக் கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"தொரை, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இப்பத்தான் ஒருத்தன் கோட்டை அழிக்கப் பாத்தான். நாங்கதான் தடுத்தோம்."

"எங்கே அவன்?"

"ஓடிட்டாங்க."

"நல்ல காரியம் செய்தீர்" என்றேன்.

பிறகு குட்டையைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கைத்தடியை நீட்டினேன். "லெவல் சரியில்லை" என்றேன்.

லெவல் என்ற சொல்லுக்கு என்ன மரியாதை! "லெவலு சரியில்லையாம்", "லெவலு சரியில்லையாம்" என்று கடைசி ஆள் வரைக்கும் போயிற்று. பெரியவர் கால்கட்டோடு எழுந்து உட்கார்ந்தார்.

"சாக்கடை கூழுக்கடையைத் தொடக் கூடாது. வளைத்துக் கொண்டுபோங்கள்."

பிள்ளைகள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேற்கே வளைத்தால் வெற்றிலைக் கடை. அவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நடுவே போனால் கோயில் கல். அதை நகர்த்த யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. கிழக்கே வளைத்தார்கள். பவுனு நின்றாள்.

"ஐயா! இப்படிப் போனா எட்மாஸ்டரு மனையில முட்டுதுங்க!"

எல்லாரும் ரத்தினத்தைப் பார்த்தார்கள். ரத்தினம் என்னைப் பார்த்தான். அக்காள் புருஷனைப் பார்க்கிற பார்வை.

"நேரா போவட்டும்" என்றேன். "குறுக்க எது இருந்தாலும் எடுத்துடலாம்."

நாலு முளையையும் ரத்தினமே பிடுங்கினான்.

அஞ்சலை கோட்டைப் பார்த்துக்கொண்டே கொட்டாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடம் தப்பியது என்று நிச்சயமானதும் என் முன்னால் வந்து நின்றாள்.

"கோடு போச்சி. கூரை?"

"கூரை...?"

"பிரிச்சது யாரால? ஏணி அதோ இருக்குது, தொரை."

அன்று மத்தியானம் நாலாம் வகுப்பு ஓலை எடுத்துக் கொடுத்தது. நான் ஏணியில் நின்று கட்டினேன். மூன்று கட்டு நழுவியது. அஞ்சலை கீழேயிருந்து, "ரங்கூன்ல எல்லா கூரையும் இப்படித்தான் கட்டுவீங்களா? அங்க மழையே பேயாதா?" என்று விசாரித்தாள். கடைசியில் அவளே ஏறிவந்து அத்தனையையும் அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அடுப்பு பற்றவைத்தாள். பூனை எழுந்துபோயிற்று. முதல் வண்டி வந்து நின்றது.

நான் கிளம்பும்போது, என் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கவிழ்த்து, அதில் மல்லாட்டையைக் கொட்டிக் கொடுத்தாள்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா தொப்பி இல்லாம என்னை அடையாளம் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"கூழு ஊத்துறவ மூஞ்சியைத்தானே பாக்கணும்? தொப்பியா வந்து குடிக்குது?"

கோழியை அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

மாசி மாசம் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளையடிக்காத சுவரைப் பார்த்தார். "ஊர் உண்டாக முதலில் வேண்டியது எது?" என்று கேட்டார். "சண்டைங்க!" என்றது வகுப்பு ஒரே குரலில். ரத்தினம் மூன்று மாசம் எனக்குக் கார்டு போடவில்லை.

அடுத்த வருஷம் நிஜமான ஓவர்சியர் ஒருவர் நிஜமான சாக்கடை வெட்ட வந்தாராம். இங்கே ஏன் இப்படி ஒரு வளைவு என்று கேட்டிருக்கிறார். "ரங்கூன்லேர்ந்து ஆறடித் தொரை வந்து லெவலு பாத்துச் சொன்னதுங்க" என்றிருக்கிறார்கள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்படியே வெட்டிவிட்டுப் போய்விட்டார். இந்நேரம் ஏதோ ஒரு ஆபீசில், எவனோ ஒரு குமாஸ்தா, அந்த வளைவை மெல்லிய காகிதத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருப்பான்.

முனையில் இப்போது ஆறு கடை. கல்லுக்குக் கூரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியும் ஸ்டேஷனும் வரவில்லை. கூழுக்கடை இருக்கிறது.

மச்சினன் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் அந்த வழியாகத்தான் போவோம். ஜெயிலுக்கு ஒதுக்கிய சதுரத்தை மட்டும் இன்றுவரை யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் என் மனைவி அங்கே நின்று சொல்லுவாள்.

"நீங்க கட்டின ஊர்ல உங்களுக்குன்னு ஒரு எடம் இன்னும் காலியாத்தான் இருக்குது."